எங்கள் வீட்டிலேயே ஒத்துவரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கரு உண்டான நொடியிலேயே உயிர் வந்துவிடுகிறது, எல்லா மதமும் அதைத்தான் சொல்கிறது, அதனால் சிங்கப்பூர் அரசாங்கம் கருக்கலைப்புச் சட்டத்தை இறுக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எல்லா மதமுமா? எங்கள் வீட்டிலேயே ஒத்துவரவில்லை!

1996ல், மூன்று பிள்ளைகளுக்கு அப்புறம் எனக்கு நாள் தள்ளிப்போனது. அம்மா சைவப் பழம். திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் முதல் மாதத்திலிருந்தே கருவில் பிழைத்து வந்ததைச் சொல்கிறாரே, பிழைக்க உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டாமா என்று கேட்டார். மாமியாரோ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "ஏழாம் மாசத்துலதாம்மா ஜீவன் வரும், பின்னே வளைகாப்பு எதுக்கு அப்போ போடுறோம்" என்றார். கர்ப்ப உபநிடதமும் ஏழாம் மாதம் என்றே சொல்கிறது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா 120 நாள் என்றார், கத்தோலிக்கத் தோழிக்கு முதல் நாளே உயிர்தான். இதில் யார் கணக்கைச் சட்டமாக்குவது?

1969ல் இந்தச் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் இருந்தது ஒரே கட்சி. ஆனாலும் கட்சி சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும் என்ற கொறடா உத்தரவைத் தளர்த்தி, அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்க விட்டார்கள். இன்றைக்கும் மனசாட்சி இடம் கொடுக்காத மருத்துவர் இதைச் செய்ய மாட்டேன் என்று விலகிக்கொள்ளலாம், அவசரமாகத் தாயின் உயிரைக் காப்பாற்றவோ, அவள் உடல், மன நலத்துக்கு நிரந்தரமான கடும் பாதிப்பு வராமல் தடுக்கவோ வேண்டியிருந்தால் மட்டும் முடியாது. கருக்கலைப்புக்கு 24 வாரம் என்ற வரம்பும் ஆன்மா வரும் நாளைக் குறிப்பதல்ல.

என் குறை வேறு. அன்றைக்கு மூன்று பிள்ளை பெற்றவளுக்குக் கருக்கலைப்புக்கு முந்தைய ஆலோசனை கட்டாயமில்லை, அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தார்கள் போலும். கிளினிக்கில் ஒரு படிவத்தை நீட்டி, பேனா மூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தார்கள். உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை. 2015லிருந்து எல்லாருக்கும் ஆலோசனை, அப்புறம் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். சரி, இதுதான் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. உயிர் எப்போது வருகிறது என்பதை எங்கள் அடுப்படியிலேயே விட்டுவிடலாம்.

நான் என்ன முடிவெடுத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. கீரை ஆய்ந்த மாமியாருக்கே அது முழுசாகத் தெரியாது.

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகி