மறுபாதியும் ஒரு மூட்டை உப்பும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நலம்தானே? அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் கொட்டாமல் வந்து சேர்ந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "என்னோட மறுபாதி எங்கேயுமே இல்லை போலிருக்குப்பா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வரும், உனக்குத் தெரியுமே. அதனால்தான் இந்தக் கடிதம்.

மறுபாதிக் கதையை அவிழ்த்துவிட்டவர் யார் தெரியுமா? ஏதென்ஸின் நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோபனீஸ். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் 'சிம்போசியம்' நூலில் அது வருகிறது. கி.மு. 416-இல் அகத்தான் என்ற கவிஞர் நாடகப் போட்டியில் ஜெயித்ததற்கு விருந்து. முந்தின நாள் குடித்ததே இன்னும் தெளியாததால், இன்று அளவாகக் குடித்து, காதல் தெய்வமான ஏரோஸைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு பேசலாம் என்று தீர்மானிக்கிறார்கள். அரிஸ்டோபனீஸின் முறை வரும்போது அவருக்கு விக்கல் பிடித்துக்கொள்கிறது. பக்கத்திலிருந்த மருத்துவர், மூச்சை அடக்கு, தண்ணீர் கொப்பளி, அதற்கும் நிற்காவிட்டால் தும்மு என்று வைத்தியம் சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் பேசிவிடுகிறார். தும்மித் தும்மி விக்கலை நிறுத்திய மனுஷன் சொன்னது இது: ஆதியில் மனிதர்கள் உருண்டையாக, நான்கு கை, நான்கு கால், இரண்டு முகத்தோடு இருந்தார்கள். தெய்வங்களோடு மோதப் பார்த்ததால் தெய்வங்களின் தலைவர் ஜீயஸ் அவர்களை, முடியால் முட்டையை அறுப்பதுபோல, இரண்டாக வகுந்துவிட்டார். தோலை இழுத்துக் கட்டிய முடிச்சுதான் தொப்புள். அன்றிலிருந்து ஒவ்வொரு பாதியும் மற்றதைத் தேடுகிறது.

கதையின் அடுத்த வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாதியைக் கண்டுபிடித்தவர்கள் கட்டிப்பிடித்தபடி, வேறு எதையும் செய்ய மனமில்லாமல், பசியிலேயே செத்துப்போனார்கள். இப்படிப்பட்ட கதையை பிளேட்டோ ஒரு நகைச்சுவைக்காரர் வாயில் வைத்தது சும்மா இல்லை என்பது என் எண்ணம்.

அப்புறம் சாக்ரடீஸ் பேசுகிறார். மாண்டினேயா ஊர்ப் பெண் தியோத்திமா தனக்குக் கற்றுத்தந்தது என்கிறார். பாதியோ முழுசோ, நல்லதாக இல்லாவிட்டால் மனிதன் அதை விரும்பமாட்டான் என்கிறாள் அவள். கெட்டுப்போனால் சொந்தக் கையையும் காலையுமே வெட்டிப்போடச் சம்மதிக்கிறோமே! அவள் சொல்லும் ஏரோஸ் தெய்வமே இல்லை, தெய்வத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் இருப்பவன். அழகுத் தெய்வமான அப்ரோதித்தியின் பிறந்தநாள் விருந்தில் வாசலில் பிச்சைக்கு வந்து நின்றவள் பெனியா, அதாவது வறுமை. போரோஸ், அதாவது வழிவகை, தெய்வபானம் குடித்த மயக்கத்தில் ஜீயஸின் தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். இவர்கள் பிள்ளைதான் ஏரோஸ். அம்மாவைப் போலச் செருப்பில்லாமல், வீடில்லாமல், அடுத்தவர் வாசலில் படுப்பான். அப்பாவைப் போல எப்படியாவது வழி கண்டுபிடிப்பான். கிடைத்தது கையில் நிற்காது. ஆனாலும் ஒரேயடியாக ஏழையும் ஆகமாட்டான்.

எனக்கு இந்தப் பையனைத்தான் பிடித்திருக்கிறது. உன்னிடம் ஏதோ குறைவதாகப் படுகிறதே, அந்தக் குறைதான் அவனுடைய தாய். அதற்காக நீ யாரோ வெட்டிப்போட்ட துண்டு ஆகிவிடமாட்டாய். இதற்கு மேல் தியோத்திமா ஒரு ஏணி போட்டு, அழகின் உச்சிக்கே ஏறுகிறாள். சரி, எனக்கு அந்த உயரத்தில் தலை சுற்றும்.

பிளேட்டோவிடம் படித்த அரிஸ்டாட்டில்தான் தரையில் நின்று பேசுகிறார். அவர் எழுதியது பிலியா என்னும் நேசத்தைப் பற்றி. ஆதாயத்துக்காக வரும் நேசம், இன்பத்துக்காக வரும் நேசம், ஆளின் நல்ல குணத்துக்காகவே வரும் நேசம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். மூன்றாவது அரிது, நாளும் பிடிக்கும்; சேர்ந்து உப்புத் தின்று தீர்க்காமல் ஒருவரை ஒருவர் அறியமுடியாது என்ற பழமொழியை எடுத்துக்காட்டுகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்? நீ பாதியைத் தேடுவதை விட்டுவிட்டு, யாரோடு உப்புத் தின்னச் சலிப்பில்லை என்று பார்.

பெற்றவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பிள்ளை பிறந்த கையோடு பெற்றவர்கள் நேசிக்கத் தொடங்கிவிடுவார்களாம். பிள்ளைகளுக்கோ விவரம் தெரிந்த பிறகுதானாம். ஆக, நாங்கள் இரண்டு மூன்று வருஷமாவது முந்தி. அதை நீ ஈடுகட்ட வேண்டாம்.

தூரம் நேசத்தை முறிக்காது, அதைச் செயல்படவிடாமல்தான் நிறுத்தும்; ஆனால் பிரிவு நீண்டால் மறதி வரும், பேச்சில்லாமலே கலைந்த நட்புகள் பல என்றும் சொல்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை போனை விட்டுவிடாதே. நான் ஊமைபோல இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

ஊறுகாயில் உப்பு தூக்கல் என்றால் என்னிடம் மட்டும் சொல். அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள்.

அன்புடன்,
அப்பா