இரண்டாகப் போன உன் எச்-இண்டெக்ஸ்

அன்புள்ள கயலுக்கு,

விண்ணப்பத்தில் எச்-இண்டெக்ஸ், அதாவது கட்டுரைகளும் அவை பெற்ற மேற்கோள்களும் சேர்ந்து ஓர் ஆய்வாளருக்குத் தரும் எண், என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தளத்தில் 4 என்று வருவதைப் பார்த்து மனம் தளராதே. முதலில் பெயரைச் சரிபார்.

இன்ஷியல் போடும் நம் வழக்கம் இந்தத் தளங்களுக்குப் பிடிபடாது. கட்டுரை அனுப்பும்போது 'கடைசிப் பெயர்' கட்டாயம் கேட்பார்கள். சில பேப்பர்களில் அங்கே 'கயல்விழி' என்றும், சிலவற்றில் 'மாணிக்கம்' என்றும் போட்டிருக்கிறாய். ஸ்கோபஸ் உன்னை இரண்டு ஆளாக்கி, ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டது. உன் உழைப்பில் பாதி என் பெயரில் ஓடுகிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை, தேர்வுக் குழுவுக்கு இருக்கும்.

கணக்கைப் பார். ஒரு பெயரில் ஆறு பேப்பர், ஒவ்வொன்றுக்கும் கிடைத்த மேற்கோள் (சைட்டேஷன்) 41, 23, 12, 7, 3, 2. இன்னொன்றில் ஐந்து: 19, 9, 6, 4, 1. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன விதிப்படி, குறைந்தது எச் தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர்கள் எச் எண்ணிக்கையில் இருக்க வேண்டும்; அப்படிப் பொருந்தும் மிகப் பெரிய எண்தான் எச்-இண்டெக்ஸ். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் 4. சேர்த்து இறங்குவரிசையில் அடுக்கினால் ஆறாவது பேப்பருக்கு 7, ஏழாவதுக்கு 6, அது ஏழை எட்டவில்லை. ஆகவே 6. எட்டு ஆகாது, நான்கிலும் நிற்காது.

ஸ்கோபஸில் ஆசிரியர் பெயரைத் தேடி, இரண்டு பக்கத்தையும் தேர்ந்து, ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பி. அது சரியாவதற்குச் சில வாரம் ஆகலாம், கடைசித் தேதி வரை வைத்திருக்காதே. ஆய்வாளருக்கு ஆளுக்கொன்றாகத் தரும் அடையாள எண்ணான ஆர்க்கிட் எண்ணை அதோடு இணைத்துவிடு. இனி ஒவ்வொரு பேப்பரிலும் அந்த எண்ணும் ஒரே பெயர் வடிவமும்தான்.

கூகுள் ஸ்காலரில் எண் கூடுதலாகத்தான் வரும். ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் இடும் முன்பதிப்பு, மாநாட்டுக் கட்டுரை எல்லாவற்றிலிருந்தும் அது எண்ணுகிறது. அங்கே புதுக் கட்டுரைகள் தாமாகச் சேரும் வசதியை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்கும்படி மாற்று. இல்லாவிட்டால் வேறொரு கயல்விழியின் தாவரவியல் பேப்பர் உன் கணக்கில் வந்து உட்காரும். குழுவில் யாராவது கவனித்தால் உன் மேல்தான் சந்தேகம் விழும்.

இதழின் இம்பேக்ட் ஃபேக்டரை உன் தகுதியாக எழுதாதே. முந்தைய இரண்டாண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி அது, அவ்வளவே. 2008இல் ஷெல்ட்ரிக் என்ற வேதியியலாளர் 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' இதழில் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். படிக அமைப்பைத் தீர்க்க அதைப் பயன்படுத்திய எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். சுமார் 2 ஆக இருந்த இதழின் எண் 2009க்கு 49.9 ஆனது. இரண்டாண்டு வரம்பைக் கட்டுரை தாண்டியதும் பழையபடி இறங்கிவிட்டது. பக்கத்தில் அச்சான மற்றக் கட்டுரைகளின் தரத்துக்கும் அந்த ஏற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஷெல்எக்ஸ் கதையில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: பிறர் கையில் எடுத்து வேலை செய்யக்கூடியதே மேற்கோள் பெறும். உன் வினையூக்கிப் பேப்பரோடு இணைத்த செய்முறை விவரமான துணைத் தகவலில் 'அறை வெப்பநிலை', 'இரவு முழுதும்' என்றிருக்கிறது. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், கரைப்பான் எத்தனை மில்லி, எப்படி உலர்த்தியது என்று எழுது. செய்து பார்த்து விளைச்சல் வராதவர்கள் உன்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள். வேறொருவர் முறைக்குப் போய்விடுவார்கள்.

விண்ணப்பத்தில் வெறும் 6 என்று எழுதாதே. இரண்டு பக்கமும் ஒன்றானதும், 'எச்-இண்டெக்ஸ் 6, ஸ்கோபஸ்' என்று எழுதி, பார்த்த தேதியையும் போடு. உன் பேப்பரை நீயே காட்டிய மேற்கோள்களை நீக்கினால் எவ்வளவு என்று அங்கேயே காட்டும், அதையும் பக்கத்தில் குறி. நேர்காணலில் கேட்பார்கள்.

அன்புடன்,
அப்பா