ராத்திரி வெக்கைக்கு யார் பொறுப்பு? நகரங்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகரங்களின் மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில் குடியிருக்கிறேன். தலைக்கு மேலே மொட்டைமாடி, அதற்கு மேலே வெயில். போன கோடையில் எனக்கு எதிர் அறையில் தனியாக இருந்த பெரியவர் இறந்துபோனார். எழுபதைத் தாண்டியவர். வெயிலில் அலைந்து சுருண்டு விழுந்தவர் இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் வெளியே போகவே இல்லை. "மதியம் வெளியே வராதீர்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று நீங்கள் அனுப்பிய எச்சரிக்கையை அப்படியே கேட்டு நடந்தார்.

காலையில் கதவை உடைத்து உள்ளே போனது நானும் கீழ்வீட்டுக்காரரும்தான். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் இரண்டையும் சாத்திக் கொக்கி போட்டிருந்தார்; திருட்டுப் பயம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர், முக்கால்வாசி அப்படியே இருந்தது. எடுத்துப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. தடுமாறிச் சுவரில் கை வைத்தேன். மணி ஆறுதான் ஆகியிருந்தது, வெயில் இன்னும் ஏறவில்லை. சுவர் சுட்டது.

சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இதயத்தை நான்கு நாள், நான்கு ராத்திரி விடாமல் ஓடவைத்தது எது என்று அதில் எங்கும் இல்லை.

அதனால்தான் இந்த மடல். உங்கள் எச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், கூடாரம் எல்லாம் பகலுக்கானவை, தெருவுக்கானவை. அவை வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெக்கை ராத்திரியிலும் கொல்கிறது, சாத்திய கதவுக்குள்ளேயும் கொல்கிறது. அங்கே உங்கள் ஆள் ஒருவர்கூட வருவதில்லை.

உடம்பின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே சூடு ஏறினால் இதயம் தோலுக்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வியர்வை உலர்ந்து உடம்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை வழியும், உலராது. அதைத்தான் புழுக்கம் என்கிறோம். ராத்திரி கொஞ்சம் குளிர்ந்தால் இதயத்துக்கு ஓய்வு கிடைக்கும். அதுவும் இல்லாமல் மூன்று நாள், நான்கு நாள் போனால் முதலில் சோர்ந்துபோவது வயதானவர்கள், இதய நோயாளிகள், சிறுநீரகம் பலவீனமானவர்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. நீர் பிரிய வைக்கும் ரத்த அழுத்த மாத்திரையும், மனநோய்க்குத் தரும் சில மருந்துகளும் நிலைமையை இன்னும் மோசமாக்கும். அந்தப் பெரியவர் இதில் எத்தனை மாத்திரை சாப்பிட்டார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தடுமாற ஆரம்பித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை சும்மா காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உங்கள் குறுஞ்செய்திகளில் "நிறைய நீர் அருந்துங்கள்" என்று பத்து முறை வருகிறது. இந்த இரண்டு வரியும் ஒரு முறைகூட வந்ததில்லை.

நகரத்தின் ராத்திரி சூடாக இருக்கும் என்பது புதுச் செய்தி இல்லை. லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற வானிலை ஆர்வலர் பல வருஷம் தினமும் அளந்து, சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிட நகரம் சூடாக இருக்கிறது, அதுவும் ராத்திரியில்தான் வித்தியாசம் அதிகம் என்று எழுதி 200 வருஷம் ஆகிவிட்டது. பகல் முழுக்கத் தாரும் கான்கிரீட்டும் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்குகின்றன. நெருக்கிக் கட்டிய கட்டடங்களுக்கு நடுவில் அந்தச் சூடு வானத்துக்குப் போக வழி இல்லை. மரம் இருந்தால் நிழலும் தரும், இலைவழி நீரை விட்டுக் காற்றையும் குளிர வைக்கும். மரத்தை வெட்டித்தான் சாலையை அகலப்படுத்துகிறீர்கள். ஏசி போட்டவர் தன் அறையின் சூட்டை வெளியே தள்ளுகிறார். அது ஏசி வாங்க முடியாதவரின் ஜன்னலுக்குத்தான் வருகிறது. என் ஜன்னலுக்கு எதிரே அப்படிப் பதினொரு பெட்டிகள் இருக்கின்றன, எண்ணியிருக்கிறேன். வைத்திருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் தூங்க வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் அறிவிக்கும் வெப்பநிலை, நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள், பெரும்பாலும் புல்தரைக்கு மேலே வைத்த கருவி சொல்வது. ஒரு மலிவு வெப்பமானியை என் அறையில் மாட்டினேன். நீங்கள் 31 என்று சொன்ன ராத்திரியில் அது 36 காட்டியது. மின்விசிறி போட்டால் அந்தக் காற்றே அனலாகத்தான் வந்தது.

1995 ஜூலையில் சிகாகோவில் ஒரு வாரத்துக்குள் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள், பலர் பயத்தில் கதவையும் ஜன்னலையும் பூட்டிக்கொண்டவர்கள். பிணவறையில் இடமில்லாமல் குளிர்பதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் ஏறக்குறைய 15,000 பேர். 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 619 பேர். அவர்களில் 98 சதவீதம் பேருக்குக் கட்டடத்துக்குள்தான் அந்த வெப்பம் எமனாக வந்தது, பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். இதைப் படித்த அன்று எனக்கு எதிர் அறையின் கொக்கி ஞாபகம் வந்தது.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2010 மே மாதம் அகமதாபாதில் 46.8 டிகிரி வரை போனது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள். 2013-ல் அந்த நகரம் தனக்கென ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டது, தெற்காசியாவில் அதுதான் முதல். அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டைக் கடைசி மாடியிலிருந்து கீழே மாற்றினார்கள், வெக்கையால் பாதிக்கப்படும் பச்சிளம் குழந்தைகள் குறைந்தார்கள். புது மருந்தோ புது இயந்திரமோ தேவைப்படவில்லை. கூரைக்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒருவர் யோசித்திருக்கிறார், அவ்வளவுதான். எங்கள் மொட்டைமாடிக்கும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். வாடகைக்கு இருப்பவர் அடிக்க முடியாது, வீட்டுக்காரர் அடிக்கமாட்டார். நீங்கள் விதி போட்டால் அடிப்பார்.

வெளியில் வேலை செய்பவர்களை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில்தான் ஆபத்து அதிகம். கத்தாரில் 2021 முதல் வெயிலையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1-ஐத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்தியாக வேண்டும். அப்படி ஓர் எண் எல்லா நகரத்திலும் சட்டமாக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொழிலாளியும் ராத்திரி என்னைப் போன்ற ஓர் அறையில்தான் வந்து படுக்கிறார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எங்கள் நகரத்தில் குளிரூட்டிய கூடம் ஒன்று திறந்தீர்கள், நன்றி. மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். எங்கள் அறைகள் தாங்க முடியாமல் போவதே அதற்கப்புறம்தான். ராத்திரி திறந்து வையுங்கள், நாலு பாய் போடுங்கள், வயதானவர்களைக் கூட்டிவர வண்டி அனுப்புங்கள். வெப்ப அலை நாட்களில் குடியிருப்புப் பகுதிக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும், கட்டணம் கட்டாத பாக்கிக்காகக்கூடத் துண்டிக்காதீர்கள். ஒவ்வொரு கோடை முடிந்ததும், சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணக்குப் போட்டு வெளியிடுங்கள். எண்ணாமல் விட்டால் அடுத்த வருஷமும் மாரடைப்பு என்றுதான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2003 சாவுகளுக்குப் பிறகு பிரான்ஸில் சட்டமே போட்டார்கள். தனியாக இருக்கும் முதியோரும் உடல் ஊனமுற்றோரும் விரும்பினால் பெயரைப் பதிந்துகொள்ள ஒவ்வொரு ஊரின் மேயரும் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். வெப்ப எச்சரிக்கை வந்தால் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு போன் செய்கிறார்கள், பதில் வராவிட்டால் ஆள் போய்ப் பார்க்கிறார்கள். உங்களிடம் வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் கதவு எண்ணோடு இருக்கிறது. இந்தப் பட்டியலையும் வைத்திருக்க முடியும்.

எதிர் அறைக்குப் புதிதாக ஓர் அம்மா குடிவந்திருக்கிறார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது, தனியாகத்தான் இருக்கிறார். இந்த முறை மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டேன், ஒரு சாவியும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் நான் ஊரில் இல்லாத ராத்திரியும் வரும். அவர் பெயரை எந்த அலுவலகத்தில், யாரிடம் பதிய வேண்டும் என்று கோடை தொடங்குவதற்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைசி மாடியில் குடியிருக்கும் ஒரு நகரவாசி