பாஸ்ரா போய்வந்த மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். மாங்காய் இந்த வருஷம் சுமார்தான். ஆயா திதிக்கு நீ வரவில்லை என்று அம்மாவுக்கு மனக்குறை. எனக்கும்தான்.

ஈராக்கிலிருந்து திரும்பியதிலிருந்து போனில் ரெண்டு வார்த்தைக்கு மேல் நீ பேசுவதில்லை. இருமல்தான் கேட்கிறது. குளிர் என்கிறாய், இருக்கலாம். வெளியே போனால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்.

நீ பேசிய வீடியோவை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன். 1991 ஈராக் சண்டையில் டாங்கியைத் துளைக்கச் சுட்ட யுரேனியக் குண்டு (அணுகுண்டு இல்லை) ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம், இரும்பைத் துளைக்கும்போதே தீப்பிடித்துத் தூளாகும், தூள் மூச்சோடு போய் நுரையீரலில் தங்கும், கரைந்தது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நீ இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அதன் கதிர்வீச்சு வீரியம் பாதியாகவே 450 கோடி வருஷம் என்றதும் பென்னாகரத்துக்காரர் ஒருத்தர் கறை படிந்த பல்லைக் காட்டி, "நம்ம போர்வெல் தண்ணி மாதிரிதான் சார், பார்த்தா ஒண்ணும் தெரியாது" என்றார். வாஸ்தவம். ஆயாவுக்குக் கால் வளைந்தது எதனால் என்று நமக்கு எத்தனை காலம் தெரியாமல் இருந்தது! குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு கூடாது என்று ஊர் ஊராக அளந்தவர்கள் இருந்ததால்தானே 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது. அதனால் இந்த வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். பெல்ஜியம் 2007-லேயே இந்தக் குண்டுக்குத் தடைச்சட்டம் போட்டுவிட்டது, மற்றவர்களும் போடட்டும். ஆனால் அளந்ததை மட்டும் பேசு. எதிரில் இருப்பவன் ஆதாரம் எங்கே என்றுதான் கேட்பான்.

அங்கே ஜனங்களிடம் சிறுநீர் வாங்கிப் பரிசோதிப்பதாகச் சொன்னாய். இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 என்கிற வகை 0.72 சதவீதம், குண்டிலிருந்து வந்ததில் 0.2 பக்கம்தான், அதை வைத்தே பிரித்துவிடலாம் என்று நீ விளக்கியது எனக்கு மறக்கவில்லை. உன்னோடு மண் அள்ள வந்த பிள்ளைகளும் பாட்டில் கொடுத்தார்களா? அவர்களையும் பெற்றவர்கள் இருப்பார்களே. ஊரார் உடம்பையெல்லாம் பார்க்கிற படிப்பு படித்தவளுக்கு நான் வேறென்ன சொல்ல.

தூசியில் நிற்காதே. மூக்கை மூடிக்கொள். ரசத்தில் மிளகு கூடப் போடு.

ரிசல்ட் எதுவானாலும் எனக்கு எழுது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா