ஒன்பதாம் அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டேன்

அன்புள்ள மாப்ளே,

கம்பம் நட்டு, பிடுங்கி, மாரியம்மன் நோம்பியே முடிந்துவிட்டது. இன்னும் உனக்குப் பதில் போடவில்லை. நேரில் வந்து திட்டிக்கொள். அம்மிச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. புல்லட்டைப் பற்றி மட்டும் கேட்காதே.

சரி, விஷயம் இதுதான். நான் ஒரு நாவல் எழுதுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. கடற்கொள்ளையரைத் துரத்தும் போர்க்கப்பல் கதை. "காங்கயத்தில் உட்கார்ந்துகிட்டு உங்களுக்குத் தெரிந்த கடலை நிலக்கடலை ஒன்றுதானேப்பா" என்கிறாள் என் மகள்.

நமக்கும் கொள்ளையருக்கும் என்ன சம்பந்தம் என்று நீயும் ஆரம்பிக்காதே. கொடுமணல் மணிகள் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி முசிறிக்குப் போன காலத்திலேயே அந்தப் பக்கம் கடற்கொள்ளையர் தொல்லை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். 2023 கடைசியில் செங்கடலில் ஏவுகணை பறக்க ஆரம்பித்து, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோது, எங்கள் பனியன் கன்டெய்னர்களும் பத்து நாளுக்கு மேல் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. அந்தச் சந்தடியில் சோமாலியக் கொள்ளையரும் மறுபடி கிளம்பினார்கள். கன்டெய்னர் எங்கே, கன்டெய்னர் எங்கே என்று ராத்திரியெல்லாம் தேடித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

எட்டு அத்தியாயம் மளமளவென்று வந்தது. பாதி நீ கப்பல் வேலையில் பார்த்துச் சொன்ன சரக்குதான். கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டியது, தீயணைப்புக் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சியபடியே போனது, மாலுமிகளின் பழைய வேலை உடுப்புக்குள் கந்தல் துணியை அடைத்துக் காவலாள் மாதிரி நிறுத்தியது எல்லாம் வருகிறது. சோளக்காட்டுப் பொம்மையை ஏடன் வளைகுடா வரை கொண்டுபோன கொங்கு நாட்டான் நீ ஒருவன்தான்.

ஒன்பதாவதில் என் கதாநாயகன் கொள்ளையரின் தாய்க்கப்பலை, அதாவது அவர்களுடைய சிறு படகுகளை அனுப்பும் பெரிய கப்பலை, சுட்டு மூழ்கடிக்கிறான். 2008 நவம்பர் 18 அன்று நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் தபார் செய்ததை வைத்து எழுதியது. அந்தச் செய்தி வந்தபோது நீ லீவில் இருந்தாய், டீக்கடையில் நாம் இரண்டு பேரும் கைதட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? பத்துப் பக்கம் ஒரே வெடியும் நெருப்புமாக எழுதி முடித்துவிட்டு, விவரம் சரிபார்க்கப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

மூழ்கியது எக்கவாட் நாவா 5 என்ற தாய்லாந்து மீன்பிடிக் கப்பல். கொள்ளையர் பிடித்து வைத்திருந்தது. மீனவர்கள் உள்ளே கட்டிப்போடப்பட்டுக் கிடந்திருக்கிறார்கள். ஒரே ஒருவர் ஆறு நாள் கடலில் மிதந்து உயிரோடு கிடைத்தார். நிற்கச் சொன்னோம், மிரட்டினார்கள், சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது கடற்படை. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நாம் கைதட்டினோமே மாப்ளே.

அன்றிலிருந்து பேனா ஓடவில்லை. உன் தங்கச்சியிடம் சொன்னேன். "ஏனுங்க, பட்டிக்குள்ள நரி பூந்தா பட்டிக்கே தீ வெப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேறு மாதிரியும் எழுதலாம். 2024 மார்ச்சில் ஐஎன்எஸ் கொல்கத்தா 'ரூயென்' கப்பலை மீட்டதே, அதைப் போல. கொள்ளையர் கடற்படையின் ட்ரோனைச் சுட்டு வீழ்த்தியும் பதறாமல், கப்பலின் ஸ்டியரிங்கை முடக்கி, விமானத்திலிருந்து மார்கோஸ் என்ற கடற்படைக் கமாண்டோ வீரர்களைக் கடலில் இறக்கி, நாற்பது மணி நேரத்தில் 35 பேரைச் சரணடைய வைத்தார்கள். 17 மாலுமிகளில் ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் நாவலில் நாற்பது மணி நேரம் காத்திருந்தால் எவன் படிப்பான்? எனக்கே கொட்டாவி வருகிறது.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். 2011இல் நீங்களெல்லாம் சிட்டடலுக்குள், அதுதான் கொள்ளையர் ஏறினால் மாலுமிகள் ஒளிந்துகொள்ளும் பத்திர அறைக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரியை நீ ஒரே ஒரு தடவை சொல்ல ஆரம்பித்தாய். பாதியில் எழுந்து போய்விட்டாய். மேலே துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, சுடுவது யார் என்று உள்ளே இருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது? கொள்ளையரை நினைத்துப் பயந்தாயா, காப்பாற்ற வந்தவர்களின் குண்டை நினைத்துப் பயந்தாயா?

சொல்ல மனமில்லை என்றால் வேண்டாம், வற்புறுத்த மாட்டேன். அந்தப் பத்துப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. பொங்கலுக்குள் ஒருநாள் வா. படித்துப் பார்த்துவிட்டு நீயே கிழித்தாலும் சரி.

உன்,
சாமிநாதன்