மாஹாவின் சாபமும் வரலாற்றுப் புதினமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் பழைய வீரக் கதைகளை வரலாற்றுப் புதினங்களாக எழுதும் போக்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழ் வாசகர் பலருக்கு அறிமுகம் இல்லாத ஒரு பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளரின் மையக் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாபம், மந்திர ஈட்டி, உருமாற்றம் முதலியவற்றைக் களைந்துவிட்டால் கிறிஸ்து பிறந்த காலத்து அயர்லாந்தின் உண்மை வரலாறு அடியில் கிடைத்துவிடும் என்றும், அந்தக் களையெடுப்பே நல்ல புதினாசிரியரின் வேலை என்றும் அவர் எழுதியிருக்கிறார். உமியை ஊதிவிட்டால் அரிசி மிஞ்சும் என்பது போன்ற இந்த நம்பிக்கை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதத் துணிகிறேன்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் மேற்கில் உள்ள கொனாக்டின் அரசி மேவ், வடக்கில் உள்ள அல்ஸ்டரின் கூலிப் பகுதியிலிருந்து ஒரு பழுப்பு நிறக் காளையைக் கவரப் பெரும்படையோடு புறப்படுகிறாள். அல்ஸ்டரின் வீரர்கள் எல்லாரும் ஒரு சாபத்தால் நோவுற்றுக் கிடக்க, பதினேழு வயது நிரம்பிய கூஹுலின் தனியாளாக நின்று ஆற்றுத்துறைகளில் அந்தப் படையைத் தடுக்கிறான். ‘டாய்ன் போ கூல்னே’ என்ற இக்கதையின் பெயரில் முதலில் நிற்கும் ‘டாய்ன்’ என்ற ஐரிஷ் சொல்லுக்கு நம் இலக்கண நூல்கள் ஏற்கெனவே ஒரு சொல்லை வைத்திருக்கின்றன: ஆகோள். வெட்சித் திணையைப் பள்ளியில் படித்த எவருக்கும் மாட்டுக்காகப் போர் நடப்பது வியப்பாக இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன், இந்தக் கதையை இளைய வாசகர்களுக்காக வரலாற்றுப் பாணியில் எழுத முயன்றேன். ஒரு நாட்டின் ஆண்கள் அனைவரும் ஒரே நேரத்தில் படுத்துவிடுவதை எப்படி நம்பவைப்பது என்பதுதான் முதல் சிக்கலாக வந்தது. கெட்ட நீரால் பரவிய காய்ச்சல் என்று எழுதி, அந்த அத்தியாயத்தை மிகுந்த மனநிறைவோடு முடித்தேன். ஒரு மாதம் கழித்து மூலக்கதையின் மொழிபெயர்ப்பை மறுபடி படித்தபோது நான் செய்த தவறு தெரிந்தது.

மூலத்தில் அந்த நோவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மனைவியை இழந்த க்ருன்னுக் என்ற வளமான குடியானவன் வீட்டுக்கு ஒரு நாள் ஒரு பெண் வருகிறாள். யாரையும் கேட்காமல் அடுப்படி வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அவனுக்கு மனைவியாகவே வாழ்ந்து கருவுறுகிறாள். அல்ஸ்டர் மக்கள் கூடும் திருவிழாவுக்கு அவன் கிளம்பும்போது, அங்கே என்னைப் பற்றி எதுவும் பேசிவிடாதே என்று எச்சரித்து அனுப்புகிறாள். அரசனின் குதிரைகள் பந்தயத்தில் வெல்வதைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது, என் மனைவி இவற்றைவிட வேகமாக ஓடுவாள் என்று அவன் உளறிவிடுகிறான். அவனைப் பிடித்துவைத்துவிட்டு, நிறைமாதக் கர்ப்பிணியாக இருக்கும் அவளை இழுத்துவருகிறார்கள். பிள்ளை பெறும்வரை தவணை கொடுங்கள் என்று அவள் அரசனிடம் கெஞ்சுகிறாள், அவன் மறுக்கிறான். உங்கள் ஒவ்வொருவரையும் ஒரு தாய்தானே பெற்றாள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் ஓடுகிறாள், குதிரைகளை முந்துகிறாள், களத்தின் எல்லையிலேயே இரட்டைக் குழந்தைகளை ஈன்று விழுகிறாள். அந்த ஓலத்தைக் கேட்ட ஆண்கள் ஒன்பது தலைமுறைக்கு, தங்களுக்கு மிக நெருக்கடியான வேளையில், ஐந்து பகலும் நான்கு இரவும் பிரசவ வேதனையில் துடிக்க வேண்டும் என்பது அவளிட்ட சாபம். அவள் பெயர் மாஹா. ‘மாஹாவின் இரட்டையர்’ என்ற பொருளில்தான் அல்ஸ்டரின் தலைநகருக்கு எவின் மாஹா என்ற பெயர் வந்தது என்கிறது கதை.

நான் எழுதிய காய்ச்சலில் அந்த அரசனின் குற்றம் காணாமற்போயிருந்தது. வாய் திறக்காத கூட்டத்தின் குற்றமும் போயிருந்தது. ஒரு கொடுமையை நின்று வேடிக்கை பார்த்த சமூகம், அதன் விலையைத் தலைமுறைகள் கழித்துத் தன் உடலால் கொடுக்கிறது என்ற கணக்கை எடுத்துவிட்டு, தண்ணீர் கெட்டுப்போனது என்று எழுதிவைத்திருந்தேன். சாபம் பலிக்குமா என்பது வரலாற்றாசிரியரின் கேள்வியாக இருக்கலாம். சாபம் பலிக்கும் என்று நம்பிய மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே புதினாசிரியரின் கேள்வி. அந்த நம்பிக்கை வரலாற்று உண்மை. ஒவ்வொரு வீரனையும் கட்டிப்போடும் ‘கெஷ்’ என்னும் தனித் தடைகளுக்கும் இதையே சொல்வேன். கூஹுலின் நாய் இறைச்சி உண்ணக் கூடாது. விருந்தோம்பலையும் மறுக்கக் கூடாது. வழியோரத்தில் நாய் இறைச்சியைச் சமைத்துவைத்துக்கொண்டு கிழவிகள் அவனை அழைக்கும் கணத்தில் அவன் மாட்டிக்கொள்கிறான். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் ஆசிரியர், அவன் இறப்பின் காரணத்தையே ஒதுக்கிவிடுகிறார்.

மறுபுறம், கட்டுரையாளர் வெறும் கற்பனை அலங்காரம் என்று கடந்துபோன இடங்களில்தான் வரலாறு அடர்ந்து கிடக்கிறது. லென்ஸ்டர் ஏடு என்ற 12ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடியில் உள்ள வடிவம் ஒரு படுக்கையறைப் பேச்சோடு தொடங்குகிறது. மேவும் அவள் கணவன் அலிலும் தத்தம் சொத்துக்களைக் கொண்டுவரச் செய்து, வாளிகள், அண்டாக்கள், மோதிரங்கள், ஆடுகள், குதிரைகள், பன்றிகள் என்று வரிசையாக ஒப்பிடுகிறார்கள். எல்லாம் சரிசமமாக இருக்க, அலிலின் மந்தையில் உள்ள வெண்கொம்புக் காளைக்கு மட்டும் அவளிடம் ஈடில்லை. அவளுடைய பசு ஈன்ற கன்றுதான் அது. ஒரு பெண்ணின் உடைமையாக இருப்பது இழிவு என்று கருதி அரசனின் மந்தைக்குப் போய்விட்டதாம். இதைக் கணவன் மனைவி ஊடல் என்று படித்துச் சிரித்துவிடலாம். ஆனால் பழைய ஐரிஷ் சட்ட நூல்கள் திருமணங்களை யார் சொத்தைக் கொண்டுவந்தார் என்பதை வைத்தே வகைப்படுத்தின. மனைவியின் சொத்தை நம்பி வாழும் கணவனுக்குக் குடும்ப முடிவுகளில் உரிமை குறைவு. அப்படியானால் அந்தப் படுக்கையில் நடப்பது, இந்த அரசில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு. ஒரு காளை குறைந்தால் அந்த வழக்கில் மேவ் தோற்கிறாள். படை திரட்டும் அளவுக்கு அவள் போவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

அவள் முதலில் படை திரட்டவும் இல்லை. பழுப்புக் காளையை ஓராண்டுக்கு இரவலாகக் கேட்டுத் தூது அனுப்புகிறாள். ஈடாக ஐம்பது கிடாரிகள், நிலம், இருபத்தொரு ‘குமல்’ மதிப்புள்ள தேர் ஆகியவற்றைத் தருவதாகச் சொல்கிறாள். குமல் என்பதன் மூலப்பொருள் அடிமைப்பெண். மூன்று கறவைப் பசுக்களுக்கு ஈடாகப் பெரும்பாலும் கணக்கிடப்பட்ட மதிப்பலகு. மனிதப் பெண்ணே நாணயமாக இருந்த காலத்தை இந்த ஒற்றைச் சொல் காட்டிவிடுகிறது. காளையின் உரிமையாளன் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறான், விருந்தும் வைக்கிறான். குடி ஏறிய தூதர்களில் ஒருவன், இவன் தராவிட்டாலும் வலிந்து கொண்டுபோயிருப்போம் என்று பேச, அது வீட்டுக்காரன் காதுக்குப் போய்விடுகிறது. ஒரு பெரும்போர் குடிகாரன் பேச்சில் தொடங்கியது என்று எழுத எந்தப் புதினாசிரியருக்கும் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் மூலத்திலேயே இருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் படுக்கையறைக் காட்சி இதைவிடப் பழைய வடிவத்தில் இல்லை. எந்த வடிவத்தைப் பின்பற்றுகிறோம் என்று முடிவு செய்வதே ஒரு வரலாற்று முடிவு.

காலக் கணக்கிற்கு வருகிறேன். அல்ஸ்டர் மன்னன் கொன்ஹோவர், கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்ட செய்தியைக் கேட்ட கொதிப்பில் இறந்தான் என்று ஒரு கதை சொல்கிறது. கிறிஸ்தவ மடங்களில் இருந்த எழுத்தாளர்கள் தங்கள் உலக வரலாற்றோடு உள்ளூர் வீரர்களைப் பொருத்திப்பார்த்த முயற்சியைத்தான் இதில் காண்கிறோம். கட்டுரையாளர் உறுதியாகச் சொல்லும் ‘கிறிஸ்து பிறந்த காலம்’ என்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. இக்கதைகள் இரும்புக் காலத்துக்குள் பார்க்க ஒரு சாளரம் என்று 1964இல் கெல்டிக் மொழியறிஞர் கென்னத் ஜாக்சன் வாதிட்டது பெரும் செல்வாக்குப் பெற்றது. பின்வந்த அகழாய்வாளர்கள், குறிப்பாக ஜே. பி. மல்லரி, அந்தச் சாளரத்தில் அதிகமாகத் தெரிவது எழுதியவர்களின் சொந்தக் காலமே என்று காட்டினார்கள். கதைகளின் வீரர்கள் நீண்ட வாளை வீசித் தலைகளைக் கொய்கிறார்கள். அயர்லாந்தில் கிடைத்துள்ள இரும்புக் கால வாள்களோ குட்டையானவை. பக்கத்துக்குப் பக்கம் தேர்கள் பாய்கின்றன. அந்தக் காலத்துப் போர்த்தேர் ஒன்றுகூட ஐயத்துக்கு இடமின்றி அந்த மண்ணில் கிடைத்ததில்லை.

எவின் மாஹா என்று அடையாளம் காணப்படும் இடம், இன்று அர்மா நகருக்கு அருகில் உள்ள நவன் கோட்டை. 1960களில் அங்கு நடந்த அகழாய்வில், சுமார் 40 மீட்டர் விட்டத்தில், வட்ட வட்டமாக ஓக் மரத் தூண்களை நிறுத்தி எழுப்பிய ஒரு பெரிய கட்டடத்தின் தடயம் வெளிப்பட்டது. மைய மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அது கி.மு. 95ஐ ஒட்டி வெட்டப்பட்டது என்று தெரிந்தது. கட்டியவர்கள் அதில் குடியிருக்கவில்லை. உள்ளே சுண்ணாம்புக் கற்களை நிரப்பி, வெளிப்புறத்தைத் தீயிட்டுக் கொளுத்தி, மேலே புல்மண்ணைக் குவித்து மேடாக்கிவிட்டார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? கதைகளில் அதற்கு விடை இல்லை. மன்னன் விருந்து வைக்கும் மாளிகைதான் அவற்றில் இருக்கிறது. அதே இடத்தின் முந்தைய குடியிருப்பு ஒன்றில் வட ஆப்பிரிக்கக் குரங்கின் மண்டையோடும் கிடைத்தது. புதினத்தில் இதை எழுதினால் கட்டுரையாளரைப் போன்றவர்கள் முதலில் இதைத்தான் நம்ப முடியாதது என்று களைந்திருப்பார்கள்!

ஆகவே புதினாசிரியர் முன் இரண்டு நேர்மையான வழிகள் இருப்பதாக நினைக்கிறேன். கி.மு. முதல் நூற்றாண்டுதான் வேண்டும் என்றால், மண் தந்த சான்றுகளை வைத்து, கதைகளை வெகுதொலைவிலிருந்து கேட்கும் எதிரொலியாக மட்டும் பயன்படுத்தலாம். அல்லது கதைகள் காட்டும் உலகையே, அதன் சட்டங்களோடும் அடிமைக் கணக்கோடும் வளர்ப்புப் பிள்ளை வழக்கத்தோடும், இடைக்கால அயர்லாந்து தன் முன்னோரைக் கற்பனை செய்த முறையாக ஏற்று எழுதலாம். முன்னதன் தேதியைப் போட்டுப் பின்னதன் தேர்களை ஓட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வளர்ப்பு உறவு என்றவுடன் ஃபெர்டியாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளை வேறு குடும்பங்களில் வளரவிடுவது அந்நாட்டு வழக்கம். அந்தப் பிணைப்பு இரத்த உறவுக்குச் சற்றும் குறைந்ததன்று. கூஹுலினும் ஃபெர்டியாவும் ஒரே ஆசிரியையிடம் போர் பயின்ற அப்படிப்பட்ட சகோதரர்கள். மேவின் சூழ்ச்சியால் ஓர் ஆற்றுத்துறையில் எதிரெதிரே நிற்க நேர்கிறது. முதல் நாள் மாலை ஆயுதங்களைத் தேரோட்டிகளிடம் எறிந்துவிட்டுத் தழுவி முத்தமிட்டுக்கொள்கிறார்கள். இருவரின் குதிரைகளும் ஒரே பட்டியில் அடைகின்றன. தேரோட்டிகள் ஒரே நெருப்பின் அருகே படுக்கிறார்கள். தன் காயத்தில் வைத்த பச்சிலையில் சரிபாதியைக் கூஹுலின் துறைக்கு அப்பால் அனுப்ப, தனக்கு வந்த உணவில் சரிபாதியை ஃபெர்டியா இப்பால் அனுப்புகிறான். மூன்றாம் நாள் இரவு குதிரைகள் ஒரே பட்டியில் அடைவதில்லை. கதைசொல்லி வேறு எதுவும் விளக்குவதில்லை. பட்டி பிரிந்தது என்றவுடன் நாளை ஒருவன் இறப்பான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இன்று ஆர்டி என்று வழங்கும் லவுத் மாவட்டத்து ஊரின் ஐரிஷ் பெயருக்கு ‘ஃபெர்டியாவின் துறையில் உள்ள ஊர்’ என்றே பொருள்.

கட்டுரை அரசியலைத் தொடவே இல்லை. டப்ளின் தலைமை அஞ்சலகத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் நினைவாக நிற்பது, கல்தூணில் தன்னைக் கட்டிக்கொண்டு நின்றபடி உயிர்விடும் கூஹுலினின் சிலை. அதே கூஹுலினை அல்ஸ்டரின் காவலன் என்று பெல்ஃபாஸ்ட் சுவர்களில், பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் எதிர்த்தரப்பினரும் வரைந்திருக்கிறார்கள். இவனை வைத்து எழுதும் எவரும் இவ்விரண்டு சுவர்களுக்கும் நடுவில் அமர்ந்துதான் எழுதுகிறார்.

மறுகூறலின் சிக்கல் புதியதும் அன்று. லென்ஸ்டர் ஏட்டில் இந்தக் கதையின் முடிவில் இரண்டு குறிப்புகள் உள்ளன. ஐரிஷ் மொழியில் உள்ள குறிப்பு, இந்தக் கதையை இதே வடிவில் மனத்தில் இருத்தி, வேறு வடிவம் கொடுக்காதிருக்கும் ஒவ்வொருவரையும் வாழ்த்துகிறது. அதற்கு அடுத்து லத்தீனில் உள்ளதோ, இந்த வரலாற்றை, இல்லை, இந்தக் கட்டுக்கதையை எழுதிய நான் இதில் உள்ள பலவற்றை நம்பவில்லை. சில பேய்களின் ஏமாற்று, சில கவிகளின் புனைவு, சில நடந்திருக்கக்கூடியவை, சில நடந்திருக்க முடியாதவை, சில முட்டாள்களை மகிழ்விக்க எழுதியவை என்கிறது. நம்பாதவர் ஒரு வரியையும் களையாமல் முழுக்கதையையும் எழுதி முடித்துவிட்டுத்தான் தன் ஐயத்தைத் தனியே குறித்திருக்கிறார். தமிழில் இக்கதைகளை எழுத முன்வருபவர்களும் எந்த ஏட்டைப் பின்பற்றினோம், எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று நூலின் இறுதியில் ஒரு பக்கம் எழுதினால் போதும். கதைக்குள் கத்தரிக்கோல் வைக்கத் தேவையிருக்காது.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வெளியான படத்தின் கீழ், ஸ்லைகோவின் நாக்னரே மலையுச்சியில் உள்ள கற்குவியல் ‘அரசி மேவின் கல்லறை’ என்று அச்சாகியிருந்தது. மக்கள் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் அது புதிய கற்காலத்தைச் சேர்ந்தது, மேவ் வாழ்ந்ததாகக் கதை சொல்லும் காலத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் முற்பட்டது. அந்தக் குவியலை இன்றுவரை யாரும் அகழ்ந்து பார்த்ததில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்