லிங்க் செய்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். வெளியில் கிடைக்கும் லைப்ரரிகளைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். ஆனால் நாமே எழுதி இன்னும் வெளியிடாத ஒரு பேக்கேஜை (பிற புராஜெக்ட்டுகளில் நிறுவிப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பு) இன்னொரு புராஜெக்ட்டில் சேர்ப்பது பற்றி எதுவும் வருவதில்லை. எங்கள் வேலையில் அன்றாடம் எழும் தேவை இது.

ஒரு குழுவில் பில்டு வேலைகளை, அதாவது எழுதிய கோடை ஓடும் மென்பொருளாக்கும் வேலைகளைப் பார்க்கிறேன். புதிதாகச் சேரும் எல்லோருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் கருவியின் 'என்பிஎம் லிங்க்' கட்டளை தெரிந்திருக்கிறது. அது பேக்கேஜ் இருக்கும் ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போடுவதோடு சரி, புராஜெக்ட்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் ஒரு வரிகூட மாறாது. அதனால் அவரவர் கணினியில் எல்லாம் ஓடும், சர்வரில் பில்டு உடையும். இணையப் பக்கங்கள் அமைக்க உதவும் ரியாக்ட் லைப்ரரி என்றால் கூடுதல் தொல்லை. லிங்க் செய்த ஃபோல்டருக்குள் ஒரு ரியாக்ட், புராஜெக்ட்டில் ஒரு ரியாக்ட் என்று இரண்டும் ஏறிக்கொண்டு, ஹுக்குகள் எனப்படும் அதன் ஃபங்ஷன்கள் பிழை காட்டும். இதைத் தேடி நாள்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்கள் எழுதிய கோடில் தவறே இருக்காது.

கோடு எழுதும்போது லிங்க் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியிடும் முன் வெளியிடப்போகும் கோப்புகளை மட்டும் ஒன்றாகக் கட்டும் 'என்பிஎம் பேக்' கட்டளை கொடுத்து, கிடைக்கும் கோப்பை ஒரு காலி புராஜெக்ட்டில் நிறுவிப் பார்க்க வேண்டும். வெளியிட வேண்டியவற்றைச் சொல்லும் 'ஃபைல்ஸ்' பட்டியலில் விட்டுப்போன கோப்பு, டிபென்டென்சி (தேவைப்படும் பேக்கேஜ்கள்) பட்டியலில் எழுத மறந்த லைப்ரரி எல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். லிங்க்கில் முழு ஃபோல்டரும் கண்ணெதிரே இருப்பதால் எதுவும் குறைவதாகத் தெரியாது.

கோ நிரலாக்க மொழியில் 2022-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து வொர்க்ஸ்பேஸ் வசதி உண்டு, டிபென்டென்சிகளைப் பட்டியலிடும் கோ.மாட் கோப்பைத் தொடாமலே பக்கத்து ஃபோல்டரைச் சேர்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோ. டிபென்டென்சிக்குப் பதிப்பு எண் தராமல் பாத் (ஃபோல்டர் இருக்கும் இடம்) மட்டும் கொடுத்தால், ரஸ்ட் பேக்கேஜ்களின் பொதுத் தளமான கிரேட்ஸ்.ஐஓவில் வெளியிட விடாது. இந்தக் கண்டிப்பு எல்லாக் கருவிகளிலும் வேண்டும்.

அப்புறம், பெயர். நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பெயரிலேயே பொது ரெஜிஸ்ட்ரியில் (எல்லோரும் பேக்கேஜ் வெளியிடும் தளம்) பேக்கேஜ்களைப் போட்டு, கருவிகள் உள் பேக்கேஜுக்குப் பதில் அவற்றை நிறுவிவிட்டதால் பெரிய நிறுவனங்களின் கணினிகளில் தன் கோடை ஓட வைக்க முடிந்ததை 2021-இல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். உள் பேக்கேஜ்களுக்கு நிறுவனத்தின் ஸ்கோப் பெயரை ('@நிறுவனம்' போன்ற முன்னொட்டு) பதிவு செய்து முன்னால் சேர்ப்பது இதனால்தான் முக்கியம்.

மாணவர்களும் படிக்கும் பக்கம் அது. இதைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகி